வற்றிய கடலின் கரையில் முதல் நாள்

புறப்படும்போது என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். முதல் நாள் பொழுது சாய்வதற்குள் நான் யாரிடமாவது, எதையாவது, என் வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நான் நடக்கிற சாலையில் வரும் சாயங்காலம் ஐந்தரை மணி பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு இந்த நடைப் பேச்சையே எடுக்கக் கூடாது.

"கடையில டீ வாங்குறதெல்லாம் சேராது மாமா," என்றாள். "அது அவங்க பொழப்பு. நீங்க போய் நின்னாலே போட்டுத் தருவாங்க. தெரியாத மனுசங்ககிட்ட, எனக்கு இது வேணும்னு கேக்கணும்."

"கேட்டுட்டேன்னு பொய் சொல்லிட்டா?"

"நீங்களா? பொய் சொல்றதுக்கும் வாயத் தொறக்கணும்ல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

காரணம் உண்டு. எனக்குச் சர்க்கரை இருக்கிறது. போன ஐப்பசியில் பெரம்பலூரில் ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு டோக்கன் கொடுத்தபோது எனக்கு மட்டும் விட்டுப்போனது. கேட்கவில்லை. தண்ணீர் கேன் இருந்த மேசைக்குப் பக்கத்தில் ஆபீசர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் போகவில்லை. நான்கு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் கண் இருட்டி விழுந்துவிட்டேன். யாரோ என் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீடு வந்து சேரும் வரை அவள் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஒரு டம்ளர் தண்ணி. ஒரு டம்ளர் தண்ணி."

நான் பஞ்சாயத்தில் தண்ணீர் விடுகிறவன். விடிவதற்கு முன்னால் மோட்டார் போட்டு, மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் வால்வைத் திறந்துவிடுவேன். பத்தொன்பது வருடமாக ஊர் முழுக்க என் கையால்தான் தண்ணீர் குடிக்கிறது. இதை அவள் அன்றைக்குச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றதற்கு வறுமை காரணம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை அது இல்லை. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டும். அதற்குப் பழைய பள்ளியில் டி.சி. வாங்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தார்கள். "நீயே போய்க் கேட்டு வாங்கிக்கடா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் மூன்று நாள் ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார்; ஏதோ வேடிக்கை பார்க்கிறான் என்று நினைத்திருப்பார். என் காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம். நாலாம் நாள் ஆடு ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

இப்படிப்பட்டவனுக்குத் தனியாக நடக்க வேண்டும் என்ற ஆசை எப்படி வந்தது என்றால், அதுவும் தண்ணீரால் வந்ததுதான்.

எங்கள் ஊர் அரியலூருக்கு மேற்கே இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் பழைய போர்க்குழாய் வற்றிப்போய்ப் புதிதாக ஒன்று போட்டார்கள். சாம்பல் நிறத்தில் சேறு பொங்கி வந்தது. அதில் சிப்பி சிப்பியாகத் துண்டுகள். அந்த வாரம் ஒரு காலேஜ் பஸ் எங்கள் ஊர் ஓடைக்கு வந்தது. கல்லும் மண்ணும் படிக்கிற பிள்ளைகள். அவர்களோடு வந்த டீச்சரம்மா தண்ணீர் பிடிக்க மோட்டார் ரூமுக்கு வந்து, அந்தச் சேற்றைப் பார்த்ததும் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க நிக்கிற எடம் கடலுக்குள்ள இருந்துச்சு, தெரியுமா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

அவர் ஒரு குச்சியை எடுத்து, குழாயடி ஈர மண்ணில் ஒரு கோடு போட்டார். வளைந்து வளைந்து போகிற கோடு. "மேல இது வெள்ளாறு. கீழ இது கொள்ளிடம். இந்தக் கோட்டுக்கு மேக்க கருங்கல்லும் செம்மண்ணுமா இருக்கும், அது தரை. கெழக்க களிமண்ணு, சுண்ணாம்புக்கல்லு, சிப்பி. அது கடல். இந்தக் கோடுதான் கரை." பிள்ளைகள் கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டார்.

எவ்வளவு ஆழம் இருந்திருக்கும் என்று கேட்க எனக்கு ஆசை. கேட்கவில்லை. பஸ் கிளம்பிப் போகும் வரை வால்வுத் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். அந்தக் கோட்டை மட்டும் யாரும் மிதிக்காமல், சுற்றி நாலு செங்கல் வைத்து, அடுத்த மழை வரைக்கும் காத்தேன்.

நான் கடலைப் பார்த்தது கிடையாது. பார்க்க முடியாத தூரத்திலும் இல்லை. ஆனால் அங்கே கூட்டமாக இருக்கும் என்பார்கள். கூட்டமில்லாத ஒரு கடல் என் ஊரிலேயே இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதற்குப் பிறகு விடியலில் வால்வைத் திறக்கும்போது, தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய்க்குள் காற்று புரண்டு வருகிற சத்தத்தைக் கேட்டால், அதுதான் அலை என்று எனக்குத் தோன்றும். தெருவில் குடத்தோடு நிற்கிற பெண்களுக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்பது போல இருக்கும். என் வீடு நடுக்கடலில். என் மனைவி நடுக்கடலில் உட்கார்ந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பாள்.

அந்தக் கோட்டின் மேல் வடக்கிலிருந்து தெற்கு வரை ஒரு தடவை நடந்துவிட வேண்டும் என்று அவளிடம் சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆனது. நான்கு நாள் நடை. பஞ்சாயத்தில் லீவுகூட அவள்தான் போய்க் கேட்டு வாங்கினாள். அவள் தம்பி மோட்டார் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டான். அதற்குப் பிறகுதான் அந்த நிபந்தனை.

மாசி மாதக் கடைசி. முதல் பஸ் பிடித்து, பெரம்பலூரில் மாறி, லப்பைக்குடிக்காட்டில் இறங்கினேன். வெயில் ஏறவில்லை. மஞ்சள் பையில் ஒரு வேட்டி, மாத்திரை, கண் இருட்டினால் போட்டுக்கொள்ளப் பேப்பரில் மடித்த வெல்லம், ஒரு தண்ணீர் பாட்டில். தலையில் கட்டிக்கொள்ள அவள் ஒரு துண்டு கொடுத்திருந்தாள். அதுவும் மஞ்சள். வெள்ளைத் துண்டெல்லாம் கிழிசல் என்றாள்.

ஆற்றில் மணல்தான் இருந்தது. நடுவில் கொடி மாதிரி கொஞ்சம் தண்ணீர். அதில் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். நனைத்தேன். ஏறும்போது மணல் இழுத்து இடது செருப்பின் வார் அறுந்துபோனது. இரண்டு செருப்பையும் பைக்குள் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு கடைத்தெருவுக்கு வந்தேன்.

டீக்கடைக்காரர் என்னை விட மூத்தவர். வெள்ளைத் தாடி, தொப்பி. நான் போய் நின்றேன், அவள் சொன்னது போலவே கேட்காமல் டீ வந்தது. என் தலைத்துண்டையும் வெறுங்காலையும் பார்த்தார்.

"சிறுவாச்சூரோட நின்னுக்குவீங்களா, இல்ல சமயபுரம் வரைக்குமா?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

பதில் தெரியாத கேள்விக்கும், பதில் நீளமான கேள்விக்கும் தலையை ஆட்டிவிடுவது என் பழக்கம். அது எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியாது. மாசி, பங்குனியில் மஞ்சள் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு தெற்கே நடக்கிற ஆள் சமயபுரத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவன் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

காசை நீட்டினேன். அவர் கையை விலக்கினார். "வைங்க உள்ள. நடந்து போறவங்ககிட்ட நான் வாங்குறதில்ல. எங்களுக்கும் சேத்து வேண்டிக்குங்க. பெரியவன் கத்தார்ல இருக்கான். நானும் இருவத்திரண்டு வருசம் கடலுக்கு அந்தாண்ட கெடந்துட்டு வந்தவன்தான்."

கடலுக்கு அந்தாண்ட. அங்கே கரை எப்படி இருக்கும், விடியலில் அதன் சத்தம் குழாய்க்குள் காற்று வருவது போலத்தான் இருக்குமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. இதைக் கேட்டால் நிபந்தனையும் தீர்ந்துவிடும், காலை எட்டு மணிக்கே. அவர் அடுத்த டம்ளரைக் கழுவினார். அதற்கடுத்த டம்ளரையும் கழுவினார். நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஊரைத் தாண்டியதும் எல்லாம் மறந்துபோனது. வலது பக்கம் செம்மண்ணும் அங்கங்கே கருங்கல் பாறையும், இடது பக்கம் கறுத்த களிமண்ணில் பருத்தியும் மக்காச்சோளமும். டீச்சரம்மா போட்ட கோடு கண்ணுக்குத் தெரிந்தது போல இருந்தது. சில இடத்தில் சாலை அதன் மேலேயே போகும். சில இடத்தில் விலகிவிடும். அப்போது வரப்பில் இறங்கிக்கொள்வேன். வெடித்த பருத்தி இடது பக்கம் முழுக்க நுரை மாதிரி கிடந்தது. காற்று கிழக்கேயிருந்து வந்தது. வெகுதூரத்தில் ஒரு டிராக்டர் உழுது திரும்பிக்கொண்டிருந்தது, சத்தம் வருவதும் போவதுமாக. அதன் பின்னால் கொக்குகள் இறங்கி ஏறின. நான் அதைப் படகு என்று வைத்துக்கொண்டேன். யாரும் இல்லாத இடத்தில் எதை எதுவென்று வைத்துக்கொண்டாலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வாய்க்காலோரம் மண் சரிந்த இடத்தில் சிப்பி கிடந்தது. விரல் நகம் அளவுதான். கல்லாகியிருந்தது. எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். இவ்வளவு சின்னதில் சத்தம் இருக்காது. இருந்தாலும் ரொம்ப நேரம் வைத்திருந்தேன்.

பத்து மணிக்கு மேல் சாலையில் ஆள் நடமாட்டம் வந்தது. பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, கூடையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை என் பையில் போட்டுவிட்டுப் போனார். வயலில் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி ஓடி வந்து செம்பில் மோர் கொடுத்தாள். "ஓம் சக்தி" என்றாள். நான் தலையை ஆட்டினேன். இன்னோர் இடத்தில் ஒரு பெரியவர் என் பாட்டிலை வாங்கி, பழைய தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, பானைத் தண்ணீரை நிரப்பித் தந்தார்.

மதியம் தாண்டி இரண்டு மணி ஆனபோதுதான் என் நிலைமை எனக்குப் புரிந்தது. பசி இல்லை. தாகம் இல்லை. வழி தெரியாத குழப்பமும் இல்லை. வளைவு வந்தால் "சாமி, இப்படிப் போங்க" என்று யாராவது கையைக் காட்டிவிடுகிறார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே ஜனங்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் நான் எதைக் கேட்பது? கேட்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லாமல், வயிறு நிறைய, ஐந்தரை மணி பஸ்ஸை நோக்கி நடந்துகொண்டிருந்தேன்.

அந்த மக்காச்சோளம் அப்போதுதான் வந்தது.

தார்ச்சாலையில் ஒரு பாதியை அடைத்து, முந்நூறு அடி நீளத்துக்குச் சோளத்தைக் காய வைத்திருந்தார்கள். வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல். வெயிலில் அது அப்படியே கடற்கரை மணல். நான் படத்தில் பார்த்தது அப்படித்தான் இருந்தது. வெறுங்காலால் அதில் நடக்க எவ்வளவு ஆசை! நடக்கக் கூடாது, அடுத்தவர் விளைச்சல். கல்லுக்கு இந்தப் பக்கம், ஒட்டினாற்போல, தாரின் சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்து நடந்தேன்.

இரண்டு பெண்கள் காலால் சோளத்தைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு ஐம்பது வயது இருக்கும். இன்னொருத்தி இளையவள், அவளுடைய தம்பி மனைவி என்று பேச்சில் தெரிந்தது.

"சாமி, கால் பொசுங்குது பாருங்க, சோளத்து மேலயே நடங்க," என்று மூத்தவள் சத்தம் போட்டாள். "நீங்க மிதிச்சா எங்களுக்கு நல்லதுதான்."

நடந்தேன். மேலே சூடாக இருந்தது, கால் உள்ளே இறங்கியதும் குளிர்ச்சி. ஒவ்வோர் அடிக்கும் கணுக்கால் வரை சரிந்து மூடியது. பின்னால் திரும்பிப் பார்த்தால் என் காலடித் தடம் பள்ளம் பள்ளமாகத் தெரிந்து, ஓரம் சரிந்து, மெதுவாக நிரம்பிக்கொண்டிருந்தது. எனக்கு எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. அந்தக் கோடியை அடைந்து நின்றபோது மூத்தவள் பின்னாலேயே வந்து என் கையில் ஒரு பொட்டலத்தை வைத்தாள். மஞ்சள் துணியில் முடிச்சு.

"உப்பும் மொளகும் சாமி. எம்மவ கழுத்துல மரு. வைகாசியில கல்யாணம் வச்சிருக்கோம். போட்டோ எடுக்குறப்ப தெரியுதுன்னு அழுவுறா. சமயபுரத்தாளுக்குப் போடுறேன்னு நேந்துக்கிட்டேன், சோளத்த விட்டுட்டு நகர முடியல. நடந்து போறவங்க கையால போட்டா நானே நடந்து வந்த மாதிரி."

நான் தலையை ஆட்டினேன்.

பொட்டலம் பையில் இருந்தது. முதலில் எடை தெரியவில்லை. அரை மைல் போனதும் தெரிந்தது. மோரும் பழமும் நான் வயிற்றில் போட்டுக்கொண்டது. அதற்கு நான் யாராக இருந்தாலும் சரிதான், வெயிலில் நடக்கிற ஒரு மனிதன். இது அப்படி இல்லை. ஒரு பெண்ணின் கழுத்து. ஒரு தாயின் வேண்டுதல். நான் கொண்டுபோகாவிட்டால் அவள் வேண்டுதல் நிற்கும். நின்றது அவளுக்குத் தெரியவும் தெரியாது.

ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். தபாலில் அனுப்பலாமா என்று யோசித்தேன். அடுத்த மஞ்சள் வேட்டிக்காரன் வந்தால் அவனிடம் கொடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன்; அதற்கும் பேச வேண்டும். நானே சமயபுரம் போகலாம்தான், கடைசி நாள் இன்னும் தெற்கே நடந்தால் முடியும். ஆனால் அவள் கொடுத்தது எனக்கு இல்லை. என் துண்டுக்குக் கொடுத்தாள். மணி மூன்றரை. முன்னால் போனால் நான் அன்றைக்குத் தங்க நினைத்த ஊருக்கு இருட்டுவதற்குள் போய்விடலாம். திரும்பினால் முடியாது.

எழுந்து வந்த வழியே நடந்தேன். ஒரு கடற்கரையில் நடக்கிறவன் திரும்பி நடந்தால் கடல் மறுபக்கம் வந்துவிடுகிறது. வலது பக்கம் இப்போது கடல். அதைக்கூட அனுபவிக்க முடியவில்லை. காதுக்குள் பழைய சத்தம் ஆரம்பித்துவிட்டது, ஹெட்மாஸ்டர் அறை வாசலில் கேட்ட அதே கொய்யென்ற சத்தம்.

அவர்கள் சோளத்தைக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சாமி திரும்பிட்டீங்க? எதையாச்சும் விட்டுட்டீங்களா?" என்றாள் மூத்தவள்.

பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். "நான் கோயிலுக்குப் போகல."

"என்னது?"

சத்தம் வெளியே வரவில்லை போலிருக்கிறது. மறுபடி சொன்னேன். "நான் கோயிலுக்குப் போகலங்க. செருப்பு வாரு அறுந்துடுச்சு. துண்டு வூட்டுல குடுத்தது."

இளையவள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப எங்கண்ணே நடக்குறீங்க?"

சாமி போய் அண்ணன் வந்துவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"கடக்கரையில."

"எந்தக் கடக்கரை?"

"இந்தா," என்று பருத்திக்காட்டைக் காட்டினேன். "இதான் கடலு. அந்தக் காலத்துல. நாம நிக்கிறது கரை."

இருவரும் திரும்பிப் பருத்திக்காட்டைப் பார்த்தார்கள். மரியாதைக்காகத்தான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். அப்புறம் மூத்தவள் கையை நீட்டினாள். "சரி, குடுங்க. பொறவால யாராச்சும் வருவாங்க, அவங்ககிட்ட குடுத்துக்குறேன்."

நான் கொடுக்கவில்லை. கை நீட்டியபடியேதான் இருந்தது, விரல்தான் திறக்கவில்லை. என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு தூரம் அதைச் சுமந்து வந்ததில், அது என்னுடையது போல ஆகிவிட்டிருக்கலாம்.

"நானே சமயபுரம் வரைக்கும் நடந்து போய்ப் போட்டுடுறேன்," என்றேன். "என்கிட்டயே குடுப்பீங்களா?"

அவள் யோசித்தாள். நன்றாக, நேரம் எடுத்துக்கொண்டு யோசித்தாள். சோளப் பொட்டு, அந்த மெல்லிய தோல் தூசி, காற்றில் பறந்து எங்கள் மூன்று பேர் மேலும் ஒட்டியது.

"இல்லங்க," என்றாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த ஆத்தாளுக்குன்னு வூட்ட விட்டுக் கெளம்புனவங்கதான் கொண்டு போகணும். நீங்க வேற ஒண்ணுக்குக் கெளம்பிட்டீங்க."

விரலைத் திறந்தேன். எடுத்துக்கொண்டாள்.

இந்த இடத்துக்குப் பயந்துதான் நாற்பது வருடமாக நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டு, அவர்கள் இல்லை என்று சொல்லி, அந்த இல்லை காதில் விழுந்த பிறகு ஒருவன் எப்படி நின்றுகொண்டிருப்பான் என்பது எனக்குத் தெரியாது. செத்துப்போய்விடுவான் என்றே வைத்திருந்தேன். காத்திருந்தேன். கால் தரையில்தான் இருந்தது. ஒரு மினி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி குவிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இளையவள்தான் சொன்னாள். "விடு அண்ணி. கடலுக்குப் போறவருக்கு எதுக்கு உப்பு?"

மூத்தவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சோளக் குவியலின் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். "ஏண்டி, வாயாடி! பெரியவரு எதிருல..." என்று திட்டிக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்ததில் தொண்டை காய்ந்துபோய் இருமல் வந்துவிட்டது.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க," என்றேன்.

இளையவள் குடத்திலிருந்து மொண்டு கொண்டுவந்தாள். "போர் தண்ணிண்ணே. உப்புக் கரிக்கும். எங்க ஊரு தண்ணியே அப்படித்தான்."

தூக்கிக் குடித்தேன். தண்ணீர் விடுகிறவனுக்குத் தண்ணீரின் ருசி தெரியும். நிறைய ஊர்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இது களிமண்ணுக்குக் கீழேயிருந்து வருகிற தண்ணீர். முதல் வாயில் தெரியாது. விழுங்கின பிறகு அடிநாக்கில் வந்து நிற்கும் உப்பு. பாதிக் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர். அதில் சோளப் பொட்டு ஒன்று மிதந்தது. வெகு வெகு காலத்துக்கு முந்தின ஒரு கடலின் மிச்சம் என் வாயில் இருந்தது. டீச்சரம்மாவைக் கேட்டால் அப்படியெல்லாம் இல்லை, இது வேறு உப்பு என்று சொல்வாராக இருக்கும். கேட்க நான் அங்கே போகப் போவதில்லை. எனக்கு அது கடல்தான்.

"இன்னும் கொஞ்சம் குடுங்க," என்றேன்.

"கரிக்கலயா?" என்றாள் இளையவள்.

"கரிக்குது."

"அப்புறம் ஏண்ணே கேக்குறீங்க?"

அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கேட்டிருக்கிறேன். ஒன்று இல்லை, மூன்று.

குவித்த சோளத்தை மூட்டை கட்டக் கைகொடுத்தேன். வாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் தொழிலிலேயே உள்ள வேலை. குழாய் வாய், சாக்கு வாய் எல்லாம் ஒன்றுதான். மூத்தவளின் வீட்டுக்காரர் டிராக்டரில் வந்தார். அவரிடம் இளையவள், "அண்ணே கடலு பாக்க வந்திருக்காரு" என்று சொல்ல, அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நம்ம காட்டுலயா? மொதலாளி யாரு, நானா?" என்றார். ராத்திரி களத்துக் கொட்டகையில் படுத்துக்கொள்ளலாம் என்றார். அதை நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். கணக்கில் சேர்க்கவில்லை.

ஐந்தரை மணி பஸ் ஐந்தே முக்காலுக்கு வந்தது. பையோடு சாலையோரம் நின்ற என்னைப் பார்த்து டிரைவர் வேகத்தைக் குறைத்தார். நான் தலையை ஆட்டவில்லை. கையை வீசி, போங்க என்று காட்டினேன். கிழக்குப் பக்கம் முழுக்கப் புழுதி எழும்பி, பருத்திக்காட்டின் மேல் மெதுவாகப் படிந்தது.

அது அடங்குவதற்குள் போன் அடித்தது.

"மாமா, பஸ்ஸு வந்துடுச்சா?"

"வந்துச்சு. போயிடுச்சு."

அந்தப் பக்கம் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது. அவள் தம்பி சாயங்கால முறைத் தண்ணீரை நேரத்துக்கு விட்டிருக்கிறான்.

"கேட்டீங்களா?" என்றாள். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"ஒரு பொருள நான் கொண்டு போறேன், குடுங்கன்னு கேட்டேன். இல்லன்னுட்டாங்க."

"இல்லன்னுட்டாங்களா?" பதறிவிட்டாள். "அய்யோ. அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் ஆவல புள்ள."

"ஒண்ணும் ஆவலயா?"

"ஒண்ணுமே ஆவல. அப்புறம் தண்ணி கேட்டேன். குடுத்தாங்க. உப்புத் தண்ணி."

"போன எடத்துலயும் தண்ணிப் பேச்சுதானா," என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று போனில் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. "மாத்திரை போட்டீங்களா? எவ்ளோ தூரம் நடந்தீங்க?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நினைத்ததில் பாதிதான். அதிலும் ஒரு மைலைத் திரும்பி நடந்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

"பரவால்ல," என்றாள். "நாளைக்கு ரெண்டு கேளுங்க."

போனை வைத்துவிட்டாள். நான் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, காலைக் கிழக்கே நீட்டினேன். நாக்கில் உப்பு இன்னும் இருந்தது. இருட்டுவதற்கு முன்னால் பருத்திக்காடு கொஞ்ச நேரம் நீலமாகத் தெரிந்தது. எவ்வளவு ஆழம் இருந்திருக்கும் என்று நாளைக்கு யாரையாவது கேட்க வேண்டும்.